கேம்பிரிட்ஜில் எங்களைத் தொடர்ந்து வந்தவர்

என் அப்பா அதுவரை எந்தப் பழைய கட்டடத்தையும் விரும்பிப் பார்த்தவர் அல்ல. ரொறன்ரோவுக்கு யார் வந்தாலும் நயாகராவுக்கு அழைத்துப் போவார், தண்ணீர் விழுவதைக் காட்டுவார், புளிச்சாதப் பொதியைப் பிரித்துச் சாப்பிட வைப்பார், இருட்டுவதற்குள் ஸ்காபரோவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். அவருடைய சுற்றுலா அவ்வளவுதான். ஆகவே எனக்கு ஒன்பது வயதான கோடையில், லண்டனில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தபோது, "நாளைக்குக் கேம்பிரிட்ஜுக்குப் போய் அந்தப் பழைய கொலிஜுகளைப் பாப்பம்" என்று அவர் சொன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலை சந்தேகம் பெருத்தது. எங்களோடு வந்திருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, மாம்பழ நிறப் பட்டுச்சேலை உடுத்தியிருந்தார். காலில் ஓட்டச் சப்பாத்து. அவருடைய குதி உயர்ந்த செருப்பை அம்மா ஒரு பையில் போட்டுத் தன் தோளில் கொழுவியிருந்தார்.

"கல்லுக் கட்டடம் பாக்கிறதுக்கு ஏன் சேலை?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரரும் எங்கடை சேலையைப் பாக்கட்டுமன்" என்றார் அம்மா. அம்மாவுக்குப் பொய் சரியாக வராது. சொல்லும்போது கை எதையாவது மடிக்கத் தொடங்கிவிடும். அன்று மேசையில் கிடந்த துவாயை நான்காக மடித்தார்.

அது பெண் பார்க்கும் பயணம். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குச் சொன்னால் அது உடனே ஊருக்குச் சொன்ன மாதிரி என்பது குடும்பத்தின் கணிப்பு. சின்னம்மாவுக்கு முப்பத்து நான்கு வயது. ரொறன்ரோவில் இரண்டு சம்பந்தங்கள் சாதகம் வரை வந்து முறிந்திருந்தன. பிளாசாவில் மரக்கறி வாங்கப் போனால்கூட யாராவது ஒரு அன்ரி நிறுத்தி, "என்ன, ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்பார். இம்முறையும் முறிந்தால் சின்னம்மா இனி யாருக்கும் முன்னால் வந்து நிற்கமாட்டார் என்று அம்மா பயந்தார்.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை உண்டு. இரு வீட்டாரும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திப்பார்கள். பிடித்தால் பிறகு பேசுவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை, யாருக்கும் அவமானமில்லை. லண்டன் கோயில்களில் தெரிந்த முகங்கள் அதிகம் என்பதால், தமிழர் தலை தெரியாத இடமாகப் பெரியப்பா கேம்பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தார். இரு பக்கத்துக்கும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தற்செயல் கெட்டுப்போகக் கூடாதென்று எங்களை இறக்கிவிட்டு, காருக்கு இடம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொலிஸ்காரி வந்து, தெரியாத ஆட்களைப் பற்றி வகுப்பெடுத்திருந்தார். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கண்டால் கவனி. நீ பார்க்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்தால் இன்னும் கவனி. யூனிபோர்ம் போட்ட ஒருவரிடம் போய்ச் சொல். நான் நல்ல மாணவி. இன்றைக்கு ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் என் நான்கு வயது மகளுக்கு இதையே சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லி முடித்ததும், பிள்ளையை வீணாகப் பயப்படுத்திவிட்டேனோ என்று யோசிக்கிறேன். பிறகு, போதிய அளவு பயப்படுத்தவில்லையோ என்றும் யோசிக்கிறேன்.

முதலாவது கொலிஜின் வாசலில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவரும் ஒரு வயதான அம்மாவும் நின்றார்கள். தமிழர் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்பா அவர்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த கல் சிங்கத்தைப் பார்த்தார். ரொறன்ரோவில் தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் எந்த ஊர் என்று கேட்காமல் விடாதவர் அவர்.

அடுத்து ஒரு பெரிய தேவாலயம். கல்லையே விசிறியாக விரித்தாற்போல் கூரை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நான் பக்கவாட்டில் பார்த்தேன். தூணுக்கு அருகே அவர்கள். என் கண் பட்டதும் கோட்டுக்காரர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். அவருடைய அம்மா மட்டும் கூரையைப் பார்க்கவே இல்லை. சின்னம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், பார்வை ஓட்டச் சப்பாத்தில் வந்து நின்றது.

ஆற்றுப் பாலத்திலும் அவர்கள் வந்ததும் நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அந்த ஆள் எங்களை ஃபொலோ பண்ணுறார்."

"ஊர் பாக்க வந்த சனம் எல்லாம் ஒரே வழியாலைதான் போகும். பேசாமல் வா."

"விரலை நீட்டாதை" என்றார் அம்மா. அவர் செருப்பை வெளியே எடுத்து, சின்னம்மாவைப் பாலத்துச் சுவரில் சாயவைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆபத்தைச் சொன்ன பிறகும் பெரியவர்கள் அமைதியாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னம்மா மட்டும் குனிந்து என் காதருகே கேட்டார்.

"மெய்யாவோ? எத்தினை தரம் கண்டனீ?"

"மூண்டு."

"பள்ளிக்கூடத்திலை என்ன சொல்லித் தந்தவை?"

"யூனிபோர்ம் போட்ட ஆளிட்டைச் சொல்லச் சொன்னவை."

"அப்ப உனக்கு எல்லாம் தெரியும்தானே" என்று சொல்லி, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தார். எனக்கு உயரம் கூடியது போல இருந்தது. அந்தக் குடும்பத்தில் என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த கொலிஜின் நடுவே சதுரமான புல்வெளி. அதில் பேராசிரியர்கள் மட்டும்தான் நடக்கலாம் என்று பலகை சொன்னது. மற்றவர்கள் ஓரத்துக் கல்லுப் பாதையில் சுற்றவேண்டும். வாசலில் வட்டக் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்ட காவலர் ஒருவர் நின்றார். அங்கேதான் தற்செயல் நடந்தது.

"நீங்கள் தமிழோ?" என்றார் அப்பா, பள்ளி நாடகத்தில் நடிக்கும் பிள்ளையின் குரலில். முதல்நாள் இரவு பெரியப்பாவின் தொலைபேசியில் அவர்களோடு கதைத்தவரும் அப்பாவே.

"ஓமோம். இஞ்சை தமிழ் ஆக்களைக் காணுறது என்ன அதிசயம்" என்றார் அந்த அம்மா. அவர் நன்றாக நடித்தார்.

கட்டடம் எத்தனை வருடம் பழசு என்பதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாததால் கதை சீக்கிரம் முடிந்தது. "தம்பி, பிள்ளைக்கு உந்தப் பக்கத்தைக் காட்டன்" என்று அந்த அம்மா மகனிடம் சின்னம்மாவைக் காட்டிச் சொன்னார். சின்னம்மா கோட்டுக்காரரோடு கல்லுப் பாதையில் நடக்கத் தொடங்கினார். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் போகும் இடைவெளி. மூலையில் திரும்பும்போது சின்னம்மா ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் புல்லின் குறுக்கே ஓடினேன். காவலர் என்னைத் தடுக்கவே முன்னால் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன்: அந்த மனிதர் காலையிலிருந்து எங்களைப் பின்தொடர்கிறார், இப்போது என் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

காவலர் புல்லை மிதிக்காமல், ஓரமாகச் சுற்றி நடந்தே போனார். சின்னம்மாவிடம் மிகவும் மரியாதையாக, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

சின்னம்மா கோட்டுக்காரரைப் பார்க்கவில்லை. "தெரியாது" என்றார்.

காவலர் அப்பாவிடம் வந்து அதையே கேட்டார். ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அப்பா அகதியாக வந்தவர். யூனிபோர்ம் போட்டவர் கேட்டால் முதலில் சொன்ன கதையை மாற்றக் கூடாது என்பதைப் பல விமான நிலையங்களில் கற்றிருந்தார். நெற்றி வியர்க்க, "இப்போதுதான் கண்டோம், முன்பின் தெரியாது" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவின் கை செருப்புப் பையை மடித்தது.

"முன்பின் தெரியாதோ?" என்றார் அந்த அம்மா. அது நடிப்பல்ல. "வா தம்பி. எங்களைத் தெரியாதாம்."

காவலர் அவர்களை வாசல்வரை கூட்டிப்போய் வெளியே விட்டார். அன்று மாலையே பெரியப்பாவுக்குத் தொலைபேசி வந்து, அந்தச் சம்பந்தமும் முறிந்தது. சின்னம்மா பிறகு யாருக்கும் முன்னால் போய் நிற்கவில்லை. இப்போது ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் தனியாக, தன் பாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளைப் பார்க்க வருவார். அந்த நாளைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அன்று திரும்பி வரும்போது காரில் அம்மா, "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே உனக்கு?" என்றார். "அவளை ஏன் பேசுறாய், தெரியாதெண்டு சொன்னது நான்தானே" என்றார் அப்பா. ஒரு கடத்தலைத் தடுத்தவளுக்கு இது நன்றியா என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பின் சீற்றில் சின்னம்மா என் பக்கம் நகர்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"நீதானே அவரை வடிவாப் பாத்தனீ. எப்பிடி ஆள்?"

என் அறிக்கையைக் கேட்க ஒருவராவது இருந்தது எனக்குச் சந்தோஷம். "சரியான பயந்த ஆள், சின்னம்மா. வழி பாக்கிற மப்பைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். உங்களைப் பாக்கவே பயந்தவர். கை நடுங்கினது. பிழை செய்யிற ஆக்கள் அப்பிடித்தான் நடுங்குவினம்."

"நடுங்கினதோ?"

"ஓம்."

"நல்லா நடுங்கினதோ?"

சாட்சியைச் சரிபார்க்கிறார் என்று நினைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நல்லா" என்றேன், அழுத்திச் சொன்னேன்.

சின்னம்மா திரும்பி, பின்கண்ணாடி வழியே அந்த நகரம் மறைந்த பிறகும் வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆபத்து நீங்கிய பிறகும் அவர் ஏன் பின்னாலேயே பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. யாரும் வரவில்லை, பயப்படவேண்டாம் என்று நான் அவருக்குச் சொன்னேன்.