இடப்பக்கத்துக் கதிரை

வெம்பிளியில் ஒரு வீடியோக் கடைக்கு மேலே இருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் காசு வைத்துப் போக்கர் ஆடுவோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கடைக்காரர் கீழே தமிழ்ப் படக் கசெற்றுகளை வாடகைக்கு விடுவார். மேலே எங்களுக்கு மேசையும் தேநீரும் வடையும் தருவார். ஏழெட்டுப் பேர் வருவோம், எல்லாரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அந்த மேசையில் எனக்கு இருந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மரியாதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் எங்கே உட்கார்ந்தாலும், என் இடப்பக்கத்துக் கதிரைக்கு அடிபிடி நடக்கும். அந்த அறையில் ஒழுங்கான கதிரைகள் குறைவு. நல்லது ஒன்று ஹீட்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. வாசலோரம் கிடந்ததற்கு ஒரு கால் ஆடும். மாசிக் குளிரில் மனிதர் ஹீட்டரைத்தானே தேடுவார்கள்? அங்கே என்னைத் தேடினார்கள். நான் வாசலோரம் போய் இருந்தாலும், சூட்டை விட்டு எழும்பி வந்து என் இடப்பக்கம் குந்துவார்கள். "அண்ணைக்குப் பக்கத்திலை இருந்தாத்தான் கலகலப்பு" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். பகிடி விடத் தெரிந்த மனிதன் நான், என் பேச்சுக்காக வருகிறார்கள் என்று வீட்டுக்காரிக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

பெரும்பாலும் அந்தக் கதிரையைப் பிடிப்பவன் என் நண்பன். எண்பதுகளின் நடுவில் ஆர்ச்வேயில் ஓர் அறையில் நாலு பேராகக் கிடந்த காலத்துப் பழக்கம். கட்டில் இரண்டுதான், ஷிப்ட் பார்த்து மாறி மாறிப் படுப்போம். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை எடுத்துத் தந்தவன் அவன். அகதி விண்ணப்ப நேர்காணலுக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து வெளியே குளிரில் நின்றவன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். லண்டனில் எனக்குச் சொந்தம் என்று சொல்ல அவன் ஒருவன்தான் இருந்தான்.

அந்த ஆர்ச்வே அறையில் எங்கள் பொழுதுபோக்கு முந்நூற்றிநாலு. ஊரில் ஆடிய அதே சீட்டு விளையாட்டு, காட்ஸ் என்போம். நாலு பேர், இரண்டு கட்சி, ஒரே கட்சிக்காரர் எதிரும் புதிருமாக இருக்க வேண்டும். அவனும் நானும் எப்போதும் ஒரு கட்சி. அவன் முகத்தைப் பார்த்தே கையில் துரும்புச் சீட்டு கிடக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அந்த விளையாட்டில் முறை வலப்பக்கமாகச் சுற்றும். எனக்கு இடப்பக்கம் இருப்பவர் தன் காட்ஸை ஏற்கெனவே போட்டு முடித்திருப்பார், அவரால் ஆபத்து இல்லை. வலப்பக்கத்தவர்தான் அடுத்ததாகப் போடுவார். ஆகவே அவர் கண்ணில் படாமல் காட்ஸை இடப்பக்கம் சரித்துப் பிடிப்பது சின்ன வயதிலிருந்தே என் கைக்குப் பழகிப்போயிற்று.

போக்கரில் முறை இடப்பக்கமாகச் சுற்றும், இடப்பக்கத்தவர்தான் எனக்கு அடுத்து ஆடுவார். கையில் இரண்டு காட்ஸ், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. சட்டமெல்லாம் எனக்கு ஒரு மணித்தியாலத்தில் விளங்கிவிட்டது. கைக்கு மட்டும் விளங்கவில்லை. மற்றவர்கள் காட்ஸை மேசையில் கவிழ்த்து வைத்து, மூலையை மட்டும் நகத்தால் கிளப்பிப் பார்ப்பார்கள். கையில் பிடிக்காத காட்ஸ் என்ன காட்ஸ் என்று நக்கலடித்துவிட்டு, நான் என் இரண்டையும் விரித்து, நெஞ்சுக்கு நேரே, வழக்கம்போல இடப்பக்கம் சரித்துப் பிடிப்பேன்.

தோற்றேன். வாராவாரம் தோற்றேன். ஏழரைச் சனி என்று நினைத்துக் கோயிலில் எள்ளெண்ணெய்கூட எரித்தேன். சனி என் இடப்பக்கத்தில் கதிரை போட்டு வடை தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு நண்பனுக்கு வேலை முடியப் பிந்திவிட்டது. அவன் கதிரையில் கணக்காளர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு மூத்தவர், கழுத்துப்பட்டி கட்டாமல் கடைக்குக்கூடப் போகாத மனிதர். முதல் கைக்குக் காட்ஸ் போட்டாயிற்று. அப்போது நண்பன் மழையில் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தான். வந்தவன் ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"அண்ணை, அது என்ரை கதிரை."

"கதிரையிலை பேர் எழுதிக் கிடக்கோ?" என்றார் கணக்காளர்.

"எழும்புங்கோ அண்ணை. மரியாதையாச் சொல்லுறன்."

கணக்காளருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரண்டு வரியமா இவரின்ரை இடப்பக்கம் நீதானே இருக்கிறாய்? மற்ற ஆக்களும் சாப்பிட வேண்டாமே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. சத்தியமாக, மேசையில் இருந்த வடைத் தட்டைத்தான் பார்த்தேன். பிறகு முகங்களைப் பார்த்தேன். ஒருவர் பைக்குள் சிகரெட்டைத் தேடினார். கடைக்காரர் கேத்திலைப் பார்க்கப் போனார், கேத்தில் இன்னும் கொதிக்கவில்லை. "என்ன சாப்பாடு?" என்று கேட்டேன். "பகிடிக்குத் தம்பி, பகிடிக்கு" என்ற கணக்காளரின் கண் என் முகத்தில் இல்லை, என் நெஞ்சுக்கு நேரே நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். என் கையில் இரண்டு காட்ஸ். இரண்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எழும்பினேனா, விழுந்தேனா, படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் கோட்டை மேலே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. நண்பன் அதைக் கொண்டுவந்து நீட்டினான்.

"என்ரை காட்ஸ் உனக்குத் தெரிஞ்சதோ?"

"ஓம்."

"எப்ப துவங்கி?"

"முதல் நாளிலயிருந்து."

இல்லையென்று சத்தியம் பண்ணுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். பண்ணியிருந்தால் நம்பியிருப்பேன், நம்பத்தான் எனக்கு ஆசை. இவன் பச்சையாக ஓம் என்றுவிட்டான்.

"ஏன்ரா சொல்லேல்லை?"

"சொன்னா ரோசத்திலை எழும்பிப் போயிடுவாய். உந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டா உனக்கு இஞ்சை வேறை என்ன கிடக்கு? அந்தக் கதிரையிலை நான் இல்லாட்டி அவர் இருப்பார். அவர் உன்னை உரிச்சுப்போடுவார் மச்சான். நான் குறையத்தான் எடுத்தனான்."

கள்ளன் நியாயம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கள்ளன் எனக்கு உபகாரம் செய்ததாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான். பஸ் வந்தது. நான் ஏறினேன், அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமை முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. கூட இருந்து குழி பறிப்பவர்களைப் பற்றி ஆயிரம் கதை கேட்டிருக்கிறேன், எல்லாம் மற்றவர்களுக்கு நடந்த கதை. காசு போனால் போகட்டும். எனக்குப் பக்கத்தில் வந்து இருந்த ஒவ்வொரு மனிதனையும் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியிருந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நேர்காணல் நாளில் குளிரில் நின்றவனும் இவனும் ஒரே ஆளா? அது எனக்குத் தெரிய வேண்டும். அதோடு, ஒளிப்பானேன், அவனை ஒருமுறை உரித்துப் பார்க்கவும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனேன். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் கதிரைகளில் குந்தும்வரைக்கும் சுவரோடு நின்றேன். நண்பன் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுடைய இடப்பக்கக் கதிரையில் கணக்காளர் கோட்டை வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போயிருந்தார். கோட்டைத் தூக்கிச் சுவர் ஆணியில் கொளுவிவிட்டு அதில் இருந்தேன். இத்தனை நாளும் கண்ட கதிரையில் குந்தியவன், அன்றைக்குத்தான் யோசித்து ஒரு கதிரையைத் தேர்ந்தேன்.

காட்ஸ் போட்டார்கள். நண்பன் தன் இரண்டையும் மேசையில் வைக்கவில்லை. கையில் எடுத்தான், விரித்தான், நெஞ்சுக்கு நேரே பிடித்து இடப்பக்கம் சரித்தான். ஒரு ராசா, ஒரு ஒன்பது. தவறிக் காட்டிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த கையிலும் அப்படியே. அதற்கடுத்த கையிலும் அப்படியே. அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தபடி இருந்தான்.

இரண்டு தரம் அவனை வென்றேன். வெல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து பிஸ்கற்றை வாங்குவதுபோல அவ்வளவு லேசு. இவன் இரண்டு வருடம் இப்படி எப்படி இருந்தான், இருந்துவிட்டு எப்படி என் வீட்டில் வந்து சோறு தின்றான்? அப்படி இருந்தவன், இன்று எல்லாருக்கும் முன்னால் இப்படி எப்படி இருக்கிறான்? இரண்டுக்கும் எனக்குத் திகைப்புத்தான் வந்தது.

"காட்ஸை மூடடா" என்றேன் மெல்ல.

"பார் மச்சான்" என்றான். "ரண்டு வரியம் நான் பாத்தனான். நீயும் பார்."

நான் எழும்பினேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை, கால் தானாகப் போயிற்று. மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவனுக்கு நேர் எதிரே, வாசலோரம் கிடந்த கால் ஆடுகிற கதிரையை இழுத்து இருந்தேன். நான் சரியாகக் குந்துவதற்குள் கணக்காளர் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்து என் இடப்பக்கம் இடம் பிடித்துவிட்டார். "அண்ணை, இண்டைக்கு உங்களுக்குச் சாப்பாடு இல்லை" என்றேன். கடைக்காரர் சிரித்தார், வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

காட்ஸ் வந்தது. என் கை தானாக இடப்பக்கம் சரிந்தது. பிடித்து நிறுத்தி, இரண்டையும் மேசையில் கவிழ்த்து வைத்தேன். நிமிர்ந்தபோது எதிரே அவன் முகம். ஆர்ச்வே அறையில் ஒரே கட்சியாக ஆடிய காலத்துக்குப் பிறகு, காட்ஸ் மேசையில் அந்த முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தே இல்லை. அவனும் தன் காட்ஸைக் கவிழ்த்து வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

கதிரை ஒரு பக்கம் ஆடியது. ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது. நான் எழும்பவில்லை.