சூப்புக்குத் தாங்கும் ஸ்பூன்

அந்த ஆபீஸ் கேன்டீனை நடத்துகிறவளுக்கு சூப்பக்கா என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. பொருத்தமான பெயர்தான். பதினோரு மணிக்கு அவளுடைய சூப் வராவிட்டால் அங்கே ஒருவருக்கும் வேலை ஓடாது. அதுவும் கொதிக்கக் கொதிக்க வேண்டும். கப்பில் ஸ்பூனை நட்டுவைத்தபடியே மேஜைக்குக் கொண்டுபோய், இரண்டு போன் பேசிவிட்டு, பிறகுதான் குடிப்பார்கள். ஸ்பூன் செய்கிற எந்த மகராசனுக்கு இது தெரியும்?

மேலிடத்து உத்தரவு, இனி பிளாஸ்டிக் கூடாது, மண்ணில் மட்குகிற ஸ்பூனை வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேன்டீன் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் வீட்டு அடுப்பும், கூடவே வேலை பார்க்கும் நாத்தனார் வீட்டு அடுப்பும் அந்தக் கேன்டீனை நம்பித்தான் எரிகின்றன.

முதலில் மர ஸ்பூன். சூட்டுக்கு அசரவில்லை. வாயில் வைத்தால்தான் டாக்டர் நாக்கை அமுக்கிப் பார்க்கிற குச்சி.

"அண்ணி, எனக்கு தானா 'ஆ'ன்னு வாய் திறக்குது" என்றாள் நாத்தனார்.

சூப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது கரும்புச் சக்கை. வாய்க்குச் சுகமாக இருந்தது. ஆனால் சூப்பில் கொஞ்சம் ஊறியதுமே நுனி கூழாகிப்போனது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற பிழைப்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் சோள மாவில் செய்த ஸ்பூன் வந்தது. வெள்ளை வெளேரென்று, பழைய பிளாஸ்டிக்கின் கூடப்பிறந்தது போல. அடுப்பை அணைத்துக் கழுவியாகிவிட்டது. ஆறிப்போன மிச்ச சூப்பில் போட்டுப் பார்த்தார்கள். விறைப்பாக நின்றது. இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். மூளையையும் அடுப்போடு சேர்த்து அணைத்திருப்பார்கள் போல!

மறுநாள் மேனேஜர் எதிரில், கொதிக்கும் சூப்பில் அந்த ஸ்பூன் மெல்லத் தலைகுனிந்து அவருக்கு வணக்கம் வைத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. சூப்பக்கா பதறிப்போய் மர ஸ்பூனை நீட்டினாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னம்மா, மரத்த கடிக்கிற மாதிரி இருக்கு?" சக்கை ஸ்பூனும் அவர் கையிலேயே கூழானது.

"இதெல்லாம் நமக்கு சரிப்படாதும்மா" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பழைய பிளாஸ்டிக்கே மரக் கலர்ல கிடைக்குதா பாருங்க. மேலிடத்துலேந்து யாரும் வாயில வச்சுப் பாக்கப் போறதில்ல."

வாரம் முழுக்க நாக்கு மரத்துப்போக ஸ்பூன் ஸ்பூனாகச் சப்பிப் பார்த்தது இதற்குத்தானா? நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சூப்பக்கா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

"கிடைக்கும் சார்."

கேன்டீன் தப்பியது. அப்படிச் சொன்ன தன் வாயைத்தான் ஓர் அறை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.