முகம் உள்ளே

என் காரில் கியருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தோல் பை கிடக்கும். சில்லறை வைத்திருக்கிறேன் என்று ஏறுகிறவர்கள் நினைப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு பழைய வேனின் முன் சக்கரத்திலிருந்து கழற்றிய பிரேக் பேட். கனமான இரும்புத் தகடு, அதன்மேல் தேய்ந்து தேய்ந்து ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லாத கறுப்புக் கட்டி, அவ்வளவுதான். என் கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்கள் எல்லாம் எந்த வீட்டில் யாரிடம் போயினவோ தெரியாது. இதை மட்டும் நாலு வீடு மாறியும் நான் தொலைக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் இப்போதும் உடம்பெல்லாம் பரபரக்கிறது.

அந்த வேன் என் அக்கா கணவருடையது. மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதிலிருந்து என் பள்ளிக்கூடம், காலேஜ், வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் அவர்தான். எனக்குக் கல்யாணம் முடிவானதும் வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார், பூ வைத்து ஜோடித்த கார் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். மாமா சம்மதிக்கவில்லை. "பொண்ணு நம்ம வூட்டு வண்டியிலதான் போய் எறங்கும். அவ அப்பா இருந்தா இன்னா பண்ணியிருப்பாரோ, அதத்தான் நான் பண்றேன்" என்றார். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் வேன் வாயைத் திறந்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் இரும்பை இரும்பால் சுரண்டுகிற சத்தம். லாங் பஜாருக்குப் பத்திரிகை கொடுக்கப் போனபோது தெருவே திரும்பிப் பார்த்தது. மாமா புது பேட் வாங்கி வந்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். மெக்கானிக் பாய் அவருடைய தோஸ்த். செவ்வாய்க்கிழமைதான் ரம்ஜான் பெருநாளாக இருக்கும், திங்கட்கிழமை காலையில் மாட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் பிறை தெரிந்துவிட்டது. தெருவே சந்தோஷத்தில் இருக்க, எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பிறையை முகம் வெளுத்துப் பார்த்தோம். திங்கட்கிழமை பெருநாள், ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பும் திறக்காது. செவ்வாய்க்கிழமை கல்யாணம்.

"நானே மாட்டிடறேன்" என்றார் மாமா. பாய் மாட்டுவதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாராம். அக்காவுக்கு நம்பிக்கையில்லை. அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எதைக் கழற்றினாலும் எண்ணி வைக்க வேண்டும் என்று ஒரு எவர்சில்வர் தட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். பெருநாள் அவசரத்திலும் பக்கத்து வீட்டு பாயம்மா காலையிலேயே வந்து என் இரண்டு கைக்கும் மருதாணி வைத்துவிட்டுப் போயிருந்தார். எதையும் தொடக்கூடாது. பார்ப்பதுதான் என் வேலை, அதை நான் ஒழுங்காகச் செய்தேன்.

பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றினார். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரைக் கழற்றியதும், அது பிரேக் குழாயில் தொங்கக்கூடாதென்று ஒரு தோல் வாரால் மேலே இழுத்துக் கட்டினார். எங்கள் வீடுகளில் கயிறு இல்லாவிட்டாலும் தோல் வார் இருக்கும். புது பேடுகளைச் சக்கரத் தட்டின் இருபக்கமும் வைத்து போல்ட் முடுக்கி நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. அக்கா தட்டைக் காட்டி, கணக்கு சரி என்றாள். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. கழற்றிப் போட்ட பழைய பேடுகள் செய்தித்தாளில் கிடந்தன.

"மாமா, பழசுல எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?"

"கறுப்புப் பக்கம்."

"அப்போ சக்கரத் தட்டுல ஒரசுறது அதுதானே? நீங்க மாட்டுனதுல அது வெளிய பாத்துட்டு இருக்கே."

மாமா குனிந்து பார்த்தார். தோலின் வழவழப்பான பக்கத்தை அவர் முகம் என்பார். இரண்டு தோலைச் சேர்க்கும்போது முதுகும் முதுகும் உள்ளே, முகம் இரண்டும் வெளியே. இருபது வருஷமாகப் பழகிய அந்தக் கை பிரேக் பேடையும் அப்படியே வைத்துவிட்டது. மறுநாள் ஐம்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் வண்டி இரும்பில் இரும்பு உரசித்தான் நின்றிருக்கும், நின்றால். "இதுக்கு முகம் உள்ள இருக்கணும் போல" என்று மெல்லச் சொல்லிவிட்டு போல்ட்டைத் திரும்பக் கழற்ற ஆரம்பித்தார். அக்கா சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது.

இரண்டாவது சக்கரமும் முடிந்த நேரத்தில் பாய் வெள்ளை உடுப்பில் பிரியாணித் தூக்கோடு வந்தார். உடுப்பு அழுக்காகிவிடும் என்று தள்ளி நின்றே எட்டிப் பார்த்து, "பெடல மிதிச்சியா? புது பேட் மாட்டுனா நாலஞ்சு வாட்டி மிதிச்சாதான் புடிக்கும். மிதிக்காம எடுத்தா நேரா பாலாத்துலதான் போய் நிக்கும்" என்றார். மாமா என்னைப் பார்த்தார். "உனக்குக் கைதானே ஆவாது? கால் சும்மாதானே இருக்கு. ஏறு."

கல்யாணப் பெண்ணான நான் டிரைவர் சீட்டில் ஏறி, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். பெடல் தடுப்பே இல்லாமல் அடிவரைக்கும் போனது. என் உயிரும் கூடவே போனது. இன்னொருமுறை மிதிக்கச் சொன்னார்கள். மூன்றாவது மிதியில் ஏதோ எதிர்த்தது. ஐந்தாவதில் பெடல் கல்லாக நின்றது. நிற்கிறது மாமா, நிற்கிறது என்று கத்தினேன். அந்தக் குதூகலம் கல்யாணத்துக்கா பிரேக்குக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் வேலூர் சர்ச் வாசலில் வேன் சத்தமில்லாமல் நின்றது. நான் புடவையைச் சுருட்டிக்கொண்டு முழுதாக இறங்கும்வரை மாமா பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. இறங்கிய பிறகும் எடுக்கவில்லை. அக்கா போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது. பிறகு அவர்தான் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். எவ்வளவு சோப்பு போட்டும் அவர் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. நான் மறுவீட்டுக்கு வந்தபோது பழைய பேட் ஒன்றை உள்ளே போட்டு இந்தப் பையைத் தந்தார். அவரே வெட்டித் தைத்தது, முகம் வெளியே.

இப்போது மாமாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து சீட்டில் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். போன மாதம் திரும்பும்போது பையைத் திறந்து, பேடை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, மெதுவாக இறங்கினார். "ஹேண்ட் பிரேக்தான் போட்டுட்டியே, கால எடும்மா, வலிக்கப்போவுது" என்றார்.

அவர் படியேறி உள்ளே போகும்வரை நான் எடுக்கவில்லை.