கறுக்காத வெள்ளி

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன புதிது. ஐப்பசி அடைமழையில் படகுகள் கடலுக்குப் போகவில்லை; மார்க்கெட்டில் மருந்துக்குக்கூட மீன் இல்லை. அன்று பார்த்து வெள்ளிக்கிழமை. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் கறி தொடக்கூடாது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவோ, வெறும் ரசச்சோறு இறங்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

கொல்லையில் பட்டுப்போன மாமரக் கட்டையில் கொத்துக்கொத்தாகக் காளான் முளைத்திருந்தது. புற்றுக்காளான் சமைத்துப் பழகிய அம்மா அதை அறுத்து வந்தாள்.

"கட்டையில மொளச்சதும்மா, வேணாம்" என்றேன்.

"எல்லாம் தெரிஞ்சவ மாதிரி பேசாதடி!"

பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கட்டுவதற்காகப் பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வைத்திருந்த மாதா பதக்கத்தை எடுத்துக் கொதிக்கும் சட்டியில் போட்டாள். விஷம் என்றால் வெள்ளி கறுத்துவிடும். எங்கள் தெருவே அப்படித்தான் நம்பியது. பதக்கம் பளிச்சென்று வெளியே வந்தது.

"பாத்தியா?" என்றாள் என்னிடம். அம்மாவும் அக்காவும் சாப்பிட்டார்கள். எனக்கு ரோஷம், தொடவில்லை.

சட்டியைக் கழுவிக் கவிழ்க்கக்கூட இல்லை, அக்கா குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள். மாட்டுவண்டி பிடித்து, கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "காலையில உதைச்சிச்சுடி, இப்ப அசையவே இல்ல" என்று புலம்பினாள். அம்மாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அக்காவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன்.

"புத்துல மொளச்சதா, மரத்துல மொளச்சதா?" என்று டாக்டர் கேட்டார்.

"வெள்ளி கறுக்கலைங்க ஐயா" என்றாள் அம்மா.

"காளான் விஷத்துக்கு வெள்ளி கறுக்காதும்மா. கட்டையில வர்றதுல ஆளைக் கவுக்கிறதும் உண்டு. புள்ளையைப் பத்தி இப்ப நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அம்மா தானும் வாந்தியெடுப்பதை யாரிடமும் சொல்லாமல், வராந்தாவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் செபம்கூட வரவில்லை. அக்காவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் அக்கா சட்டென்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளிருந்து ஓர் உதை. "அம்மா, இங்க வாங்க!" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன்.

பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தன்று அம்மா அந்தப் பதக்கத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தாள். அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத அக்கா, பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"அது வேணாம்மா. அன்னைக்கும் அது பளிச்சுன்னுதான இருந்துச்சு."