நாற்பதும் சுரந்தனவாம்

ஆர்டிஸ் டோலெஃப்ஸ்ருட் மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவள். படித்தது இரண்டு வருடப் படிப்பு. மேடிசனில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. டாக்டர் பட்டம் வாங்கிய நாங்கள் அவளுக்குப் பயப்படுவோம். பொய் சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

புரதத்தை உள்ளே பூட்டிவைக்காமல் வெளியே சுரக்கிற பாக்டீரியாவுக்காக மூன்று வருடம் அலைந்தோம். மரபணு மாறிப்போய் அப்படிச் சுரந்தவை இரண்டே இரண்டு. ஆயிரக்கணக்கான தட்டுகளில் அவற்றைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

காப்புரிமை மனுவில் ஒரு வழக்கம் உண்டு. செய்து பார்த்ததை இறந்தகாலத்தில் எழுத வேண்டும். யோசித்ததோடு நின்றதை அப்படி எழுதக் கூடாது. எங்கள் வக்கீல் ஹோல்ப்ரூக்கோ, அதே மரபணுவில் நாற்பது மாற்றங்களை அடுக்கி, "அனைத்தும் புரதத்தைச் சுரந்தன" என்று முடித்திருந்தார். மனுவில் இருப்பதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழித் தாளில், கண்டுபிடித்தவர்களில் ஒருத்தியாக ஆர்டிஸ் கையெழுத்துப் போட வேண்டும்.

"மிச்சம் முப்பத்தெட்டு எங்கங்க? உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல வளருதா?" என்று அவரைக் கேட்டாள்.

"ரெண்டை மட்டும் எழுதினா, மூணாவதை வேற கம்பெனி செஞ்சு வித்துடும் ஆர்டிஸ். நாப்பதும் நம்ம கையில இருந்துச்சுன்னு காட்டினாத்தான் மொத்தமும் நமக்கு. ஒரு வினைச்சொல்தானே?"

"சுரக்கலாம்னு எழுதுங்க, போடறேன்."

"அப்படி எழுதினா காப்புரிமை ஆபீஸ்ல ரெண்டுக்கு மேல தரமாட்டாங்க."

"தரவேணாம். இருக்கிறதே ரெண்டுதான்."

ஹோல்ப்ரூக் முகம் சிவந்தது. "ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு. அதுவரை வேலை இருக்கணும்ல? வெண்டல் காலையிலேயே போட்டுட்டார்."

வெண்டல் நான்தான். ஆர்டிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"படிச்சியா?"

"இல்ல." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க போடலைன்னாலும் மனு போகும்," என்றார் ஹோல்ப்ரூக். "கையெழுத்துப் போட மறுத்துட்டாங்கன்னு எழுதி அனுப்பலாம். சட்டத்துல அதுக்கு வழி இருக்கு."

"தாராளமா எழுதுங்க. மறுத்தாள்னு இறந்தகாலத்துலயே எழுதுங்க. அது ஒண்ணாவது நிஜமா நடந்திருக்கு."

ஹோல்ப்ரூக் பேனாவைத் திறந்தார். நான் மேசைக்குக் குறுக்கே கை நீட்டி, கையெழுத்துப் போட்டிருந்த என் தாளை உருவிக்கொண்டேன்.

"ரெண்டு பேருன்னு எழுதுங்க," என்றேன்.