இரட்டைத் துவக்கு சைக்கிள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் கிடக்கும். வாயில் வருவது சைக்கிளின் பெயர்தான். கணக்கப்பிள்ளையை ரெலி கணக்கப்பிள்ளை என்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் சொன்னவர் ஹம்பர் மாஸ்டர். தபால் கொண்டுவரும் சிங்களவர் ரட்ஜ் மாத்தயா, அதாவது ரட்ஜ் ஐயா. விடிந்ததும் கேரியரில் பாண் என்கிற ரொட்டிப் பெட்டியோடு வருகிறவரை வெறுமனே ஹெர்குலிஸ் என்போம். அவர் பீடி குடித்து இருமிக்கொண்டே வரும் ஒல்லி மனிதர். அந்தப் பெயர் பழைய கதையொன்றில் வரும் மாபெரும் பலசாலியுடையது என்று பின்னாளில் தெரிந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அம்மாவின் ஒரே தம்பியான, எங்களோடேயே இருந்த என் மாமாவிடமும் சைக்கிள் இருந்தது. அதற்குத்தான் பெயர் இல்லை. வெளிநாட்டிலிருந்து எந்தச் சாமானும் எளிதில் வராத எழுபதுகளின் காலம் அது. புதுச் சைக்கிளைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. மாமா நான்கு வருடம் அலைந்து ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்தார். முன் சக்கரம் ஹெர்குலிஸ், பின் சக்கரம் பிலிப்ஸ், சீட்டு யாரோ ஒரு பெரிய துரையுடையதாம். சட்டம் எதனுடையது என்று அதற்கே தெரியாது. ஹேண்டிலுக்குக் கீழே கம்பெனித் தகடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. எல்லாம் கலந்த ஊறுகாய் மாதிரி என்று தோட்டத்தில் அதற்கு அச்சாறு என்று பெயர் வைத்தார்கள். மாமா அச்சாறு மாமா ஆனார்.

மாமாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்துவது அவருடைய வேலை. எவ்வளவு குளித்தாலும் புகை வாசனை போகாது. அதை அவர் பொருட்படுத்தியதில்லை. சைக்கிளைச் சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

சைக்கிள் விஷயத்தில் தோட்டத்திலேயே பெரிய ஆள் நான்தான். எனக்கு வயது எட்டு. இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சைக்கிளும் தன் பெயரைப் படமாக வைத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். மிதிக்கும் இடத்திலுள்ள பல்சக்கரத்தில் கொக்குத் தலை இருந்தால் ரெலி. விரித்த கை இருந்தால் ரட்ஜ். மனிதர்கள் வட்டமாகக் கைகோத்து நின்றால் ஹம்பர். தகட்டில் மூன்று துவக்குகளை, அதாவது துப்பாக்கிகளை, சாய்த்துக் கூம்பாக நிறுத்தியிருந்தால் பி.எஸ்.ஏ. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எட்டியாந்தோட்டை டவுனுக்குப் போய் சைக்கிள் பாஸின் கடையில் எதையாவது சரிபார்ப்பார். பாஸ் என்றால் சிங்களத்தில் தொழில் தெரிந்தவர். அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து கற்ற கல்வி இது. பள்ளிக்கூடத்துக் கல்வி இதில் பாதியளவும் ஏறவில்லை.

இப்படியிருக்கும்போது மாமாவுக்குப் பெண் பேச்சு வந்தது. ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைலுக்கு அப்பால் இன்னொரு தோட்டம். பெண்ணை மாமா அங்கே தேர்த் திருவிழாவில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தார். அந்த ஒரு முறை போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு சைக்கிளுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் பெருமூச்சும் சேர்த்து விட்டார்.

சிக்கல் பெண்ணின் அப்பாவிடம் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற கங்காணி. முப்பது வருட ரெலியைப் பெற்ற மகளைவிடப் பத்திரமாக வைத்திருந்தவர். பெயர் இல்லாத சைக்கிள் திருட்டுச் சைக்கிள் என்பது அவருடைய தீர்ப்பு. பெயர்த் தகடு இல்லாத சைக்கிளில் வந்த ஒரு மாப்பிள்ளையை அவர் பாதித் தேத்தண்ணியோடு எழுப்பி அனுப்பிய கதை எல்லாத் தோட்டங்களிலும் உலவியது. சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாமே என்றாள் அம்மா. சைக்கிள் இல்லாத மாப்பிள்ளையை அவர் வாசலிலேயே நிறுத்திவிடுவார் என்றார் மாமா.

பெண் பார்க்கப் போவதற்கு முந்திய ஞாயிறு நாங்கள் இருவரும் பாஸின் கடைக்குப் போனோம். பாஸ் பழைய ஆணியும் திருகாணியும் போட்டு வைத்த ஒரு தகரப் பேணியை என் முன்னால் கவிழ்த்தார். துருவுக்கு நடுவே நீள்வட்டமாக ஒரு பித்தளைத் தகடு மின்னியது. எடுத்துப் பாவாடையில் துடைத்துப் பார்த்தேன். சுற்றிலும் எழுத்து, நடுவில் நீளமாக ஏதோ இரண்டு ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன.

"இது என்னா சைக்கிளு புள்ள?" என்று மாமா கேட்டார்.

அதுவரை நான் அந்தத் தகட்டைக் கண்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வருமா?

"பி.எஸ்.ஏ.வோட தம்பி மாமா. அதுல மூணு துவக்கு. இதுல ரெண்டு."

மாமா பரம திருப்தியோடு தலையாட்டினார். வைக்கலாமா என்று இன்னொரு தடவை என்னிடமே கேட்டார். வைக்கலாம் என்று உத்தரவு கொடுத்தேன். பாஸ் தகட்டை வாங்கிப் பார்த்து, எங்கள் இருவரையும் பார்த்து, ஷோக் என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நம் சைக்கிளுக்குப் பெயர் கிடைத்ததில் பாஸுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. தகட்டை ஒரு குழாய்மேல் வைத்துத் தட்டி வளைத்து, இரண்டு ஓட்டைகளிலும் திருகாணி இறுக்கிக் கொடுத்தார்.

பெண் பார்க்கும் நாளில் அம்மாவும் அப்பாவும் பஸ்ஸில் போனார்கள். மாமா என்னை பாரில் உட்கார வைத்துக்கொண்டு மிதித்தார். கௌரவத்துக்காக ஹம்பர் மாஸ்டர் பின்னால் வந்தார். பொய் சொன்னால் பிரம்பு உடையும்வரை அடிக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் நம்மோடு வருவது எவ்வளவு நல்லது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கங்காணி வீட்டு வாசலில் இரண்டு சைக்கிளையும் சாத்தினோம். பெரியவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? ஜன்னல் வழியாக அடுத்த அறையைப் பார்த்தேன். அங்கே ஒரு தையல் மெசின் இருந்தது. அதன் நெஞ்சில், பித்தளையில், நீள்வட்டமாக, என்னுடைய இரண்டு துவக்குகள்.

துவக்கு ஏன் தையல் மெசினில் இருக்கிறது என்று யோசித்தேன். அப்புறம்தான் அவற்றின் நுனியில் நூல் கோக்கும் காது தெரிந்தது. அவை ஊசிகள். மாமாவின் கல்யாணத்தை நான் ஒரு தையல் மெசினின் தகட்டில் கொண்டுபோய் மாட்டியிருந்தேன்.

ஓடிப்போய் சைக்கிள் முன்னால் நின்று, தகட்டை முதுகால் மறைத்துக்கொண்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அசையவில்லை.

முதலில் வந்தது பெண். சேலை உடுத்து, பூ வைத்து, கையில் எனக்காக ஒரு கிண்ணத்தில் பலகாரம் கொண்டுவந்தாள். பலகாரத்தை வாங்கக்கூட நான் நகரவில்லை. அவள் மெல்ல எட்டி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"இத யாரு வச்சது?" என்று காதோடு கேட்டாள்.

"மாமாதான். ஆனா என்னைய கேட்டுத்தான் வச்சாரு. ரெண்டு தரம் கேட்டாரு" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குள் கங்காணி மாமாவோடும் மாஸ்டரோடும் வெளியே வந்தார். என்னைத் தள்ளி நிறுத்தி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டைத் தடவினார். இது என்ன கம்பெனி என்று மாமாவைக் கேட்டார். பி.எஸ்.ஏ.வின் தம்பி என்று மாமா நிமிர்ந்து நின்று சொன்னார். கங்காணிக்கு அப்படி ஓர் உறவுமுறை தெரிந்திருக்கவில்லை. இங்கிலீஷ் படித்தவர் வாசிக்கட்டும் என்று மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் குனிந்தார்.

"சிங்கர்" என்றார்.

"அது மெசினு பேரு இல்லீங்களா?"

மாஸ்டர் நிமிர்ந்து வேட்டியைச் சரிசெய்தார். "இங்கிலாந்திலை சிங்கர் எண்டு சைக்கிளும் செய்தவை கங்காணி. பழைய சாமான். இப்ப காணக் கிடைக்காது."

என் பிரம்பு மாஸ்டர் பொய் சொன்னார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உலகத்தில் எதை நம்புவது என்றே எனக்குத் தெரியாமல் போயிற்று.

கங்காணி பாதி நம்பினார். மீதிப் பாதிக்காக வீட்டுப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டு, இந்தப் படமும் நம் மெசினில் உள்ள படமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் வந்தாள். தகட்டின் முன் குனிந்து, நூல் இழையை எண்ணுகிறவள் மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"இல்லப்பா. இது வேற" என்றாள்.

கங்காணி பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். அன்றைக்கு எல்லாருக்கும் இரண்டாவது தேத்தண்ணி கிடைத்தது.

திரும்பும்போது என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மாமாவால் அன்று நேராகச் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. மனச்சாட்சி உறுத்தி, அம்மாவின் காதில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னேன்: பெண்ணுக்குக் கண் பார்வை சரியில்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்தும் ஊசிப் படம் தெரியவில்லை. அம்மா திகைத்துப்போனாள். பெண் பார்த்த அன்று, மெசின் இருந்த இருட்டு அறையில் பெண் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்ததை அவள் கண்ணால் கண்டிருந்தாள். இரண்டு நாள் அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் அப்பாதான், குருடியாக இருந்தாலும் பரவாயில்லை, உன் தம்பியைக் கட்ட ஒருத்தி சம்மதித்தாளே என்று முடித்துவைத்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பாஸ் எட்டியாந்தோட்டையிலிருந்து வந்து பால்சோறும் கறியும் சாப்பிட்டு, என்னைப் பார்த்து மறுபடி விழுந்து விழுந்து சிரித்தார். அத்தை மெசினோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். மாமா அன்றிலிருந்து சிங்கர் மாமா ஆனார். அச்சாறு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

வெகு காலம் கழித்து, நான் இங்கிலீஷ் படித்து ஆளான பிறகு, பழைய சைக்கிள் கம்பெனிகளைப் பற்றிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊரில் சிங்கர் என்ற பெயரில் ஒரு கம்பெனி உண்மையாகவே சைக்கிள் செய்திருக்கிறது. தையல் மெசின்காரர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாஸ்டர் அதைத் தெரிந்து சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? கேட்பதற்கு அவர் இல்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சொன்னது இரண்டே பொய். அதிலும் ஒன்று உண்மையாகிவிட்டது.

அதைச் சொல்லத்தான் அத்தையிடம் ஓடினேன். அவள் மெசினில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பல்லால் நூலை அறுத்தாள்.

"மாஸ்டர் சொன்னது நெசமா இருந்தா இருக்கட்டும். நான் சொன்னது பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஏன் என்று கேட்டேன். அத்தை துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வூட்டுல என்னைய ஒரு வார்த்த யாரும் கேட்டதில்ல. உடுத்துற சேலைக்குக் கலர்கூட அப்பாதான் சொல்வாரு. நீ வெயில்ல அழுதுக்கிட்டு நின்னியே, மாமா என்னைய கேட்டுத்தான் வச்சாருன்னு. எட்டு வயசுப் புள்ளைய ரெண்டு தரம் கேட்டு சைக்கிளுக்குப் பேரு வச்ச ஆளு, என்னையும் ஒரு வார்த்த கேப்பாருன்னு நெனச்சேன்."

கேட்டாரா என்று நான் வாயெடுப்பதற்குள் வெளியே பெல் அடித்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மாமா வாசலில் நின்றார்.

"டவுனுக்குப் போறேன். நூலு என்னா கலர்ல வாங்கட்டும்?"

எட்டு வயதில் எனக்கு இது எப்படிப் புரிந்திருக்கும்? ஒருவர் நம்மைக் கேட்பது பெரிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. மாமா இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான்.