பீடத்துணியின் மறுமுனை

கிள்ளானில் எங்கள் மாதா கோயிலின் பீடத்துணியில் மெழுகு சிந்தியிருந்தது. மேலே காகிதம் வைத்து இஸ்திரி போட்டேன். அந்த வாசத்தில் மறுபடி சின்னப் பெண்ணாகிவிட்டேன்.

அப்போது பாடகர் குழுச் சண்டையில் அம்மாவும் பிலோமினா ஆன்டியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் பீடத்துணி வேலை இருவருக்கும்தான். அந்த நீளத் துணியை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் எதிரெதிராக நடந்து வந்து, விரலோடு விரல் பட நின்றார்கள்.

ஒரு மடிப்பில் ஆன்டி, “கை சுடுது லா. காய்ச்சலா? போய் உட்காரு” என்றார்.

“நீ தனியா எப்படி மடிப்ப?” என்றாள் அம்மா. அத்தோடு சண்டை தீர்ந்தது.

இன்று அம்மா இல்லை. மறுமுனையில் ஆன்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், முட்டிவலி. ஒவ்வொரு மடிப்புக்கும் முழுத் தூரத்தையும் நானே நடந்து போகிறேன்.